ஒரு மணி நேரத்தைக் காணோம்!

லண்டனில் படித்தபோது, வார இறுதியில் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தேன். கையில் அப்பாவின் பழைய வாட்ச். அதில் எப்போதும் இந்திய நேரம்தான். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் லண்டன் நேரம்.

அன்று மார்ச் கடைசி ஞாயிறு. போனில் சார்ஜ் இல்லை. வாட்ச்சைப் பார்த்துக் கணக்குப் போட்டு, காலை 7 மணி ஷிஃப்ட்டுக்குச் 'சரியாக'ப் போனேன். கடைக் கடிகாரத்தில் மணி 8! கோடைக்காலத்துக்காக, அன்று அதிகாலை 1 மணியை 2 ஆக்கிவிடுவார்களாம். ஒரு மணி நேரச் சம்பளம் போச்சு.

மாலையில் அம்மாவிடம் புலம்பினேன்.

"இனிமே நாலரை மணி நேரம்தான் வித்தியாசமா?"

"ஆமாம்மா."

"அப்போ ஒரு மணி நேரம் எங்க பக்கத்துல வந்துட்ட!"

அக்டோபரில் மறுபடியும் தள்ளிப்போவேன் என்பதை நான் சொல்லவில்லை.