ரெண்டு வீட்டுக்கும் ஒரே நம்பர்

அப்பா ஆம்பூர்ல, நான் வேலூர்ல. நடுவுல அம்பது கிலோமீட்டர்தான். போன வருஷம் கிணத்தடியில வழுக்கி விழுந்து, பால்காரர் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அப்படியே கிடந்தார். "இங்க வந்துடுங்கப்பா"ன்னு கூப்பிட்டா, "நீ வேணா இங்க வா"ன்னுட்டார். கடைசியில கிணத்தடியில மட்டும் ஒரு கேமரா வைக்க ஒத்துக்கிட்டார். ஒரே நிபந்தனை: "ஊரான் எவனும் பாக்கக் கூடாது."

நியாயம்தானே? 2016ல மிராய்னு ஒரு மால்வேர், பாஸ்வேர்டு மாத்தாம நெட்ல திறந்து கிடந்த கேமராக்களைத்தான் லட்சக்கணக்குல பிடிச்சு ஆட்டி வெச்சது. அதனால ரெண்டு வீட்டுலயும் ஒவ்வொரு ராஸ்பெர்ரி பை வெச்சு, வயர்கார்டுல விபிஎன் போட இறங்கினேன். (2020லயே லினக்ஸ் 5.6 கெர்னலோட சேர்த்துட்டாங்க.)

முதல் முட்டுக்கட்டை: ஆம்பூர் ரவுட்டரோட வெளி ஐபி 100.70ன்னு ஆரம்பிச்சது. 100.64லேர்ந்து 100.127 வரைக்கும் இருக்கிறது, நெட் கொடுக்கிறவங்க பல வீட்டுக்கும் பங்கு போடுற நம்பர். வெளியிலேர்ந்து அந்தக் கதவைத் தட்ட முடியாது. வேலூர்ல தனி ஐபி இருக்கு. சரி, ஆம்பூர் பையே இங்க கூப்பிடட்டும்னு மாத்தி, கீப்அலைவ் 25 செகண்ட் போட்டேன். ஹேண்ட்ஷேக் ஆயிடுச்சு. 10.8.0.2ன்னு பிங் அடிச்சா பதில் வருது. ஆஹா!

கேமராவோட நம்பர் 192.168.1.10ஐ பிரவுசர்ல தட்டினேன். என் வீட்டு பிரிண்டர் வந்து நின்னுச்சு :-)

மூணு ராத்திரி போச்சு. கீயை மாத்தினேன், ஃபயர்வாலை அணைச்சேன். அப்பாவுக்கு ஃபோன் போட்டா, "இன்னாடா, பச்சை லைட்டுதான் எரியுது"ங்கிறார். பிரிண்டர் கதையைச் சொன்னதும், டேனரியில முப்பது வருஷம் இருந்த மனுஷன் சிரிச்சார். "ரெண்டு லாட் தோலுக்கு ஒரே நம்பர் குத்தினா கலந்துதான்டா போவும்."

அதேதான்! ரெண்டு ரவுட்டருமே கடையிலேர்ந்து வந்த மாதிரியே 192.168.1. அந்த நம்பர் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கேன்னு என் லேப்டாப் டனல் பக்கமே போகல.

ஆம்பூரை மாத்தத்தான் முதல்ல நினைச்சேன். அங்க ஒண்ணு தப்பினாலும் அப்பா தனியா அல்லாடணும். அப்புறம்தான் உறைச்சது, மாற வேண்டியது அவர் வீடு இல்ல, என் வீடு. இங்க 192.168.50ன்னு ஆக்கினேன். 51820 போர்ட்டை பையோட புது நம்பருக்குத் திருப்பினேன். ரெண்டு பையிலயும் அலவுட் ஐபில எதிர் வீட்டு நம்பர், கூடவே ஐபி ஃபார்வர்டிங். ரெண்டு ரவுட்டர்லயும் "எதிர் வீட்டுக்குப் போறதா? பை கிட்ட குடு"ன்னு ஒரு ஸ்டாட்டிக் ரூட். இதை மறந்தா போன பாக்கெட்டுக்குத் திரும்பி வர வழி தெரியாது. ஆம்பூர் பக்க வேலையெல்லாம் 10.8.0.2 வழியாவே முடிஞ்சது.

காலையில ஆறு மணி. கேமரா பக்கம் திறந்துடுச்சு. படம் மட்டும் ஒரே கறுப்பு! எம்டியூ தகராறா இருக்கும், பிங் போகும், பெரிய பாக்கெட் போகாதேன்னு 1420ஐ 1380 ஆக்கினேன். 1280 ஆக்கினேன். ம்ஹூம். ஃபோன் போட்டேன்.

"குளிச்சிட்டு இருந்தேன்டா. துண்டைப் போட்டு மூடி வெச்சேன். இரு, எடுக்கிறேன்."

எடுத்தார். ஈரத் தலையோட அப்பா, கேமராவையே முறைச்சுப் பாத்துட்டு நிக்கிறார்.

எம்டியூவைத் திரும்ப 1420 ஆக்கிட்டேன்.