எழுமலைக்கு என்றைக்கு லீவு?

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் ஏறி, செக்கானூரணியைத் தாண்டி உசிலம்பட்டியில் இறங்கி, அங்கே வேறு பஸ் பிடித்துத் தென்மேற்கே போனால் எழுமலை. வழியெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை ஜன்னலோடு கூடவே வருகிறது. 'எழு' என்பதை ஏழு என்று கொள்வதா, எழுந்து நிற்பது என்று கொள்வதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கண்டக்டர் இறங்கச் சொல்லிவிட்டார்.

2025 பிப்ரவரி 25, செவ்வாய்க்கிழமை. மறுநாள் மகா சிவராத்திரி. என் சிநேகிதி வாழ்க்கைப்பட்டது இந்த ஊரில். குடியிருப்பது சென்னையில். "எங்கள் குலதெய்வம் கும்பிடுகிற அழகை ஒரு தடவை வந்து பாரேன்" என்று அவள் பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் மளிகைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. பிப்ரவரியில் ஞாயிற்றுக் கிழமைகளை விட்டால் சிவப்பு மை பட்டிருந்தது ஒரே ஒரு தேதியில்தான்: 11, தைப்பூசம். அதுவும் 2021-லிருந்துதான் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. கறுப்பாக இருந்த 26-ந் தேதியின் மேல் யாரோ மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். யாரோ என்ன, என் சிநேகிதியின் மாமியார்தான். பேரன் பேத்திகள் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரை அப்பத்தா என்றே கூப்பிட்டேன்.

"ஏத்தா, இந்தச் சிவப்பெல்லாம் யாரு போடுறது?" என்று அவர் என்னைக் கேட்டார்.

சர்க்கார் போடுகிறது என்றேன். ஆனால் கேள்வி அவ்வளவு சுலபமானதல்ல. ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்தில் தமிழக அரசு மறு வருஷத்துப் பொது விடுமுறை ஜாபிதாவை வெளியிடுகிறது. அதற்கு ஆதாரம் 1881-ம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் வியாபாரிகளின் உண்டிப் பத்திரங்களுக்காகச் செய்த சட்டம் அது. பத்திரத்தின் கெடு பொது விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்திய வேலை நாளிலேயே பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. நாம் பலகாரம் சுடுவதற்கும் ஊருக்குப் போவதற்கும் நாள் பார்க்கிற அந்தச் சிவப்பு மை, அடிப்படையில் கடன்காரர்களுக்காகப் பிறந்தது! 2025-க்கு அந்த ஜாபிதாவில் 24 நாள். கேட்பதற்குக் கொழுத்த கணக்குத்தான். ஆனால் அதில் குடியரசு தினமும், தெலுங்கு வருஷப் பிறப்பும், மொகரமும் ஞாயிற்றுக்கிழமையில் போயின. காந்தி ஜயந்தியும் விஜயதசமியும் ஒரே நாளில் விழுந்தன. ஒரு நாள் வங்கிக் கணக்கு முடிப்புக்காக. மகா சிவராத்திரி அதில் இல்லவே இல்லை.

அப்பத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியர். அரசு ஊழியர்களுக்கு வருஷத்தில் மூன்று நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு உண்டு. அதில் ஒன்றை அவர் சிவராத்திரிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார். நடுப் பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் உத்தியோகம். தொழிற்சாலைகளுக்கு 1958-ல் வந்த சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகைக்கு ஐந்து நாளும் கட்டாயம். பொங்கலும் தீபாவளியும் ஆயுத பூஜையும் போக அந்த ஐந்தில் மிச்சம் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அவர் சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும் என்று வந்திருந்தார்.

என் சிநேகிதியின் கணக்குத்தான் பெரிய கணக்கு. மதுரை-போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடியபின் பல வருஷம் உசிலம்பட்டிக்கு ரயிலே கிடையாது. அகலப் பாதை போட்டு 2023 ஜூன் 15-ந் தேதி முதல் சென்னை சென்ட்ரலுக்கும் போடிக்கும் இடையே நேர் ரயில் விட்டார்கள். உசிலம்பட்டியிலும் நிற்கும். ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான். சென்னையில் திங்கள், புதன், வெள்ளி. திரும்ப போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு. திங்கள் இரவு ஏறினால் செவ்வாய் காலை ஊர். புதன் சிவராத்திரி. வியாழன் இரவு ஏறினால் வெள்ளி காலை சென்னை, நேரே ஆபீஸ். ஆக மூன்று நாள் ரஜா. முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டதால், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கைபேசியும் கையுமாக நின்றாளாம். பால் பொங்கியது, டிக்கெட்டும் கிடைத்தது.

மூன்று பிள்ளைகளும் வந்தாயிற்று. வராதது மூத்தவரின் மகள். பிளஸ் டூ. மார்ச் 3-ந் தேதி பொதுத் தேர்வு ஆரம்பம். துணைக்கு அவள் தாயாரும் மதுரையிலேயே தங்கிவிட்டார். அப்பத்தா இதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பொங்கலுக்கு அரிசி அளந்தபோது மட்டும், வந்தவர்களுக்குப் போக இரண்டு பேருக்குக் கூடவே அளந்தார். மருமகள்கள் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்கள்.

மதுரைக்காரர்களுக்கு உள்ளூர் விடுமுறை புதிதல்ல. அழகர் வைகையில் இறங்கும் நாளுக்குக் கலெக்டர் உத்தரவு போடுவார். அதே உத்தரவில் இன்ன சனிக்கிழமை வேலை நாள் என்றும் இருக்கும்! இந்த லீவு 1881 சட்டத்தின் கீழ் வராது என்பதால் கருவூலத்தில் சில பேர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கும். 2025 பொங்கலில் ஜனவரி 17 வெள்ளிக்கிழமையையும் சேர்த்து விடுமுறை விட்டு, ஆறு நாள் தொடர்ச்சியாகக் கொடுத்து, 25-ந் தேதி சனிக்கிழமையை வாங்கிக்கொண்டார்கள். இந்தக் கைமாற்றில் தப்பில்லை என்பது என் அபிப்பிராயம். சேர்ந்தாற்போல் கிடைக்கிற ஆறு நாளில்தான் தூரத்திலிருப்பவர்கள் ஊர் வந்து திரும்ப முடிகிறது.

புதன்கிழமை எல்லோருமாகப் பாப்பாபட்டிக்குக் கிளம்பினோம். 2021 காந்தி ஜயந்தியன்று முதலமைச்சர் வந்து கிராம சபையில் உட்கார்ந்தாரே, அதே பாப்பாபட்டிதான். அங்கே ஒச்சாண்டம்மன் கோயில். சிவராத்திரிக்கு உசிலம்பட்டி சின்னக் கருப்பசாமி கோயிலிலிருந்து சாமிப் பெட்டியை ஊர்வலமாகக் கொண்டு வருகிறார்கள். காலில் செருப்பில்லாமல், தலைச்சுமையும் இடுப்பில் குழந்தையுமாக ஜனங்கள் பின்னால் வருகிறார்கள். கோவை, திருப்பூர், சென்னை என்று எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள்! வேனுக்கு வேன் குசலம் விசாரிப்பு. "எத்தனை நாள் லீவு போட்டீக மதினி?" என்பதுதான் முதல் கேள்வி. சௌக்கியமா என்பது அப்புறம்.

இரவு முழுதும் யாரும் தூங்கவில்லை. ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, வருஷம் முழுவதும் டெலிபோனில் பேசித் தீராததையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். நாத்தனாருக்கும் கொழுந்தன் பெண்டாட்டிக்கும் இடையே இருந்த ஏதோ ஒரு மனஸ்தாபம், விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு டம்ளர் காபியில் கரைந்ததை நானே பார்த்தேன்.

வியாழக்கிழமை மாலை எழுமலை வீட்டில் மூட்டை கட்டும் மும்முரம். மூத்தவர் கையில் அப்பத்தா ஒரு பொட்டலம் கொடுத்தார். விபூதி, குங்குமம். "பரீட்சைக்குப் போகையில புள்ளைக்கு நெத்தியில வச்சு விடு" என்றார். பிறகு காலண்டரைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் என்ன கெழமைல வருது?" என்று கேட்டார்.

என் சிநேகிதி கைபேசியில் தேடினாள். "2026 பிப்ரவரி 15. ஞாயித்துக்கிழமை அத்தை!"

கூடத்தில் ஒரே குதூகலம். லீவே வேண்டாம் என்றார் திருப்பூர்க்காரர். ஆனால் என் சிநேகிதி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஞாயிறு இரவுதானே கண் விழிக்க வேண்டும்? போடி ரயில் புறப்படுவதும் அதே ஞாயிறு இரவு. அதை விட்டால் செவ்வாய்தான்.

"அதுக்கென்னத்தா," என்றார் அப்பத்தா, "செவ்வாக்கெழமை வரைக்கும் இருந்துட்டுப் போங்க."