மரை ஏறினால் போதாது

பழைய அம்பாசடரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டுவது காரின் பழமையைக் கெடுக்கும் என்று சிலர் வருந்துவார்கள். எனக்கு அந்த வருத்தம் கிடையாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது டிரம் சூடேறி, மிதி கல்லாக இருந்தும் வண்டி வேகம் குறையாமல் போவதை ஒருமுறை உணர்ந்தவர்கள் என் பக்கம்தான் நிற்பார்கள்.

சிக்கல் மாட்டிய பிறகு வரும் கசிவில் இருக்கிறது. சக்கரத்தின் உட்புறம் ஈரத்தைப் பார்த்ததும் எல்லோருடைய கையும் ஸ்பேனருக்குத்தான் போகும். எங்கள் மெக்கானிக் விடமாட்டார். “இறுக்காதீங்க சார், முதல்ல துடைங்க” என்பார். இணைப்புகளை ஈரமில்லாமல் துடைத்து, மேலே சாக்குப்பொடி தூவி, ஒருவரை மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்வார். பொடி எங்கே முதலில் நனைகிறதோ அங்கேதான் கசிவு. எண்ணெய் வழிந்து வந்து சொட்டும் இடத்தை நம்பி வேலை பார்த்தால் நாள் முழுக்க வீண்.

பெரும்பாலும் பழையதும் புதியதும் சேரும் இடத்தில்தான் பொடி நனையும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்த வண்டி இது. அதனால் பழைய பிரேக் பைப் நட்டுகள் அங்குல அளவு: 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. புதிய காலிபரிலோ ஹோஸிலோ 10 மில்லிமீட்டர் துளையும் 1 மில்லிமீட்டர் மரையும் இருக்கும். 3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அதனால் நட்டு ஏறும், இறுகவும் செய்யும், ஆனால் மரை முழுதாகக் கவ்வாது. அவசரமாக மிதிக்கும்போது பைப்புக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டும். அரைகுறையாகக் கவ்விய மரையை நம்பி அதைத் தாங்கச் சொல்வது உயிரோடு விளையாடுவது. மரை அளவுகோல் வைத்துப் பார்க்காத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

டெஃப்லான் டேப் சுற்றிச் சமாளிப்பவர்களையும் பார்க்கிறோம். எண்ணெயைத் தடுப்பது மரை அல்ல, பைப் நுனியில் விரித்த வாய். 45 டிகிரியில் இரட்டையாக மடித்த வாய்க்கு ஒரு வகை இருக்கை, குமிழ் வடிவ வாய்க்கு வேறு வகை. இரண்டையும் மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சேராது, வாய்தான் பிளந்துபோகும். ஹோஸைக் காலிபரோடு பிணைக்கும் பாஞ்சோ போல்ட்டின் இரு பக்கமும் வரும் செம்பு வாஷர்களும் அப்படியே. செம்பு முதல் இறுக்கத்திலேயே நசுங்கி இடத்துக்கு ஏற்பப் படிந்துவிடும். கழற்றினால் புதிதுதான் போடவேண்டும்.

இவற்றைவிட நான் அஞ்சுவது தரையில் ஒரு சொட்டும் விழாத கசிவு. பிரேக் எண்ணெய் டப்பாவில் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே வரும். பூஸ்டரும் சேர்த்து மாட்டிய வண்டி என்றால், மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைக் கழற்றி, பைப் வளையாமல் சற்றே முன்னே இழுத்து, பின்னால் விரல் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் பட்டால் பின் சீல் வழியாக எண்ணெய் பூஸ்டருக்குள் போகிறது. சிலிண்டரை மாற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து முடிக்கும்வரை வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும்.