மாமியின் ஊருக்கு ஒரு கமராவோடு

என் கணவரின் படம் என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய தேசிய அடையாள அட்டையில் உள்ள சிறிய படம். எங்கள் கலியாண அல்பத்தையும் பிள்ளைகளின் படங்களையும் ஒரு ட்ரங்குப் பெட்டியில் வைத்து விசுவமடுவில் புதைத்துவிட்டு ஓடினோம். 2009 மார்ச்சில் மாத்தளனில் செல் விழுந்து அவர் போய்விட்டார். பின்னர் ஊர் திரும்பித் தோண்டிப் பார்த்தபோது பெட்டியும் இல்லை, அதைப் புதைத்த அடையாளமும் இல்லை.

அப்போது மகளுக்கு ஐந்து வயது. மகனுக்கு ஒன்று. மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். ஒருநாள் அந்த அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, அப்பா சிரிச்சா எப்பிடி இருப்பார்?"

அடையாள அட்டைப் படத்தில் யார்தான் சிரிக்கிறார்கள்? நான் சொல்லிப் பார்த்தேன். சொல்லால் ஒரு சிரிப்பைக் காட்ட முடியவில்லை. இனி என் பிள்ளைகளுக்காவது படங்கள் இருக்க வேண்டும் என்று அன்று இரவே தீர்மானித்தேன்.

அதே மாதத்தில் மாமியும் ஓர் ஆசையைச் சொன்னார். அவருக்கு 76 வயது. நெடுந்தீவில் பிறந்து, மாமாவின் வயலுக்காகப் பரந்தனுக்கு வந்தவர். "சாகிறதுக்கு முன்னம் ஒருக்கா ஊரைப் பாக்கோணும் பிள்ளை" என்றார். சீட்டு எடுத்த பணம் 50,000 ரூபா கையில் இருந்தது. அதற்குள் ஒரு கமரா வாங்கி, அதோடு மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவானது.

எந்தக் கமரா?

எங்கள் ஒழுங்கையில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒரு தம்பி இருக்கிறார். அவரிடம் கேட்டேன். அவர் விலையைச் சொல்லவில்லை. "அன்ரி, எதுக்கு எடுக்கப் போறியள்? ஆர் தூக்கப் போறது?" என்று திருப்பிக் கேட்டார். கமரா வாங்க நினைக்கும் எவரும் முதலில் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

லென்ஸ் மாற்றும் பெரிய கமராவை அவர் என் கழுத்தில் மாட்டிக் காட்டினார். படம் மிகத் துப்புரவாக வரும். ஆனால் கமராவும் இரண்டு லென்ஸும் சேர்ந்தால் ஒரு கைப்பை நிறைந்த பாரம். பஸ்ஸிலும் படகிலும் ஒரு கையில் மாமியையும் மறு கையில் சாப்பாட்டுப் பையையும் பிடித்துக்கொண்டு போகிறவளுக்கு அது சரிவராது. கடற்கரைப் புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்டுவதும் ஆபத்து. உள்ளே தூசி போய்விடும்.

அடுத்தது தண்ணீருக்குள் கொண்டுபோகக்கூடிய கமரா. ஒலிம்பஸ் நிறுவனத்தின் டஃப் வகைக் கமராக்களில் சில 15 மீற்றர் ஆழம் வரை தாங்கும். கடற்றொழில் செய்யும் குடும்பங்களுக்கு நல்லது. ஆனால் அதன் சூம் 4 மடங்குதான். தூரத்தில் நிற்பதைக் கிட்ட இழுக்க அது போதாது.

கைத்தொலைபேசி போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பலருக்குப் போதும். இரவில், வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் இன்றைய நல்ல தொலைபேசி சிறிய கமராவை வென்றுவிடும். ஆனால் பல தொலைபேசிகளில் சூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெருப்பிப்பதுதான். முகத்துக்கு மிகக் கிட்டப் போய் எடுத்தால் மூக்குப் பெருத்துத் தெரியும். என்னுடையது பழைய தொலைபேசி. இடம் நிரம்பிவிட்டதென்று பிள்ளைகள் அடிக்கடி படங்களை அழிப்பார்கள். படங்களுக்கென்று தனியாக ஒன்று இருந்தால்தான் அவை தங்கும் என்று தோன்றியது.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் பாவித்த ஒரு கெனன் பவர்ஷொட் எஸ்.எக்ஸ். 620 வாங்கினேன். 2016இல் வெளிவந்த மாதிரி. பற்றரியோடு சேர்த்து 182 கிராம்தான். சட்டைப் பைக்குள் வைக்கலாம். ஆனால் சூம் 25 மடங்கு. அதுவும் வெட்டிப் பெருப்பிக்கும் சூம் அல்ல, லென்ஸே நீண்டு இழுக்கும் ஒப்டிகல் சூம். ஒரே கமராவில் வீட்டு விறாந்தையில் குடும்பம் முழுவதையும் எடுக்கலாம். பனை உச்சியில் இருக்கும் பறவையையும் எடுக்கலாம். பாவித்த கமரா வாங்குகிறவர்கள் கடையிலேயே மூன்றைப் பார்க்க வேண்டும். லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா, வெள்ளைச் சுவரை எடுத்தால் படத்தில் கறுப்புப் புள்ளி விழுகிறதா, அந்தப் பற்றரி இப்போதும் தனியாகக் கிடைக்கிறதா என்பவைதான் அவை. நான் இன்னொரு பற்றரியும் வாங்கிக்கொண்டேன்.

கடலைத் தாண்டி

முதல் நாளே யாழ்ப்பாணம் போய்த் தங்கி, விடிய 776ஆம் இலக்க பஸ் ஏறினோம். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று இருபக்கமும் கடலாகப் பாதை நீண்டது. மகன் யன்னலால் கமராவை நீட்டி எடுத்துக்கொண்டே வந்தான். ஓடும் பஸ்ஸில் சூம் பண்ணி எடுத்தவை எல்லாம் கலங்கிவிட்டன. சூம் கூடக் கூடக் கையின் சிறு நடுக்கமும் படத்தில் பெரிதாகத் தெரியும் என்பதை அப்படித்தான் படித்தான்.

குறிகட்டுவானில் படகு ஏறினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். உப்புத் தண்ணீர் தெறிக்கும் என்பதால் கமராவைப் பொலித்தீன் பையில் சுற்றி என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். நடுக்கடலில் மாமி எழுந்து நின்று தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் பயணித்த மக்கள் இந்தக் கடலில்தான் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மாமிக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். மகள் கமராவைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. எடுக்கக்கூடாத படமும் உண்டு.

தீவில் இறங்கியதும் ஓர் ஓட்டோ பிடித்தோம். நெடுந்தீவில் முதலில் கண்ணில் படுவது வேலிகள்தான். கடலில் இருந்து வந்த முருகைக்கற்களைச் சீமெந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மாமி ஓட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு வேலியைத் தடவிப் பார்த்தார். அந்தக் கையை மட்டும் மகள் எடுத்தாள். அந்த நாளின் நல்ல படங்களில் அதுவும் ஒன்று.

பெருக்கமரத்தடிக்குப் போனோம். ஆபிரிக்க மரம் அது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அடிமரத்துப் பொந்துக்குள் பிள்ளைகள் புகுந்து நின்றார்கள். பொந்து இருட்டு, வெளியே கொளுத்தும் வெயில். முதல் படத்தில் முகங்கள் கறுத்துவிட்டன. பிளாஷைப் போட்டு எடுத்ததும் தெளிந்தன. பகலிலும் பிளாஷ் தேவைப்படும் என்று அங்கேதான் அறிந்தேன்.

தெற்குப் பக்கத்து வெளியில் குதிரைகள் மேய்ந்தன. அவற்றைத் துரத்தக்கூடாது, கிட்டப் போகவும் கூடாது. அந்த இடத்தில்தான் 25 மடங்கு சூம் காசுக்கு வேலை செய்தது. மகன் முழங்காலில் இருந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து எடுத்தான். தாயும் குட்டியும் ஒரே படத்தில் விழுந்தன.

குறையையும் சொல்ல வேண்டும். இந்தக் கமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லை. மத்தியான வெயிலில் திரை ஒன்றுமே தெரியவில்லை. மாமியின் குடையைப் பிடித்துத்தான் பார்த்தோம். மாலை மங்கியதும் படங்களில் புள்ளி புள்ளியாக விழத் தொடங்கியது. சிறிய கமராவுக்கு வெளிச்சம் வேண்டும்.

சுவரில் தொங்கிய படம்

அன்றிரவு மாமியின் தங்கை வீட்டில் தங்கினோம். எங்கள் சின்ன மாமி சண்டைக் காலம் முழுவதும் தீவை விட்டுப் போகாதவர். காலையில் முகம் கழுவிவிட்டு விறாந்தைக்கு வந்தபோது, சுவரில் அவருடைய கலியாணப் படம் தொங்குவதைப் பார்த்தேன். 1988இல் எடுத்தது. மாப்பிள்ளை பொம்பிளையைச் சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். வலது பக்க ஓரத்தில் சோடாப் போத்தலோடு ஒரு பெடியன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"உவன் ஆரெண்டு தெரியேல்லையோ பிள்ளை? உன்ரை மனுசன்தான். பன்ரண்டு வயசு" என்றார் சின்ன மாமி.

நான் மகளைக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்று பார்த்தாள். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இவன்ரை சிரிப்பு" என்றாள். நாங்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. பிரித்தால் கிழிந்துவிடும் என்பதால் பிரிக்கவில்லை. விறாந்தை நிழலில் நிலத்தில் வைத்தோம். பிளாஷை நிறுத்தினேன். கண்ணாடியில் எங்கள் உருவம் விழாமல் மகள் எனக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சேலையை விரித்துப் பிடித்தாள். கிட்டக் குனிந்து எடுத்தால் ஓரங்கள் வளையும். ஆகவே நேர் மேலே மூன்று அடி உயரத்தில் கமராவைப் பிடித்துச் சற்றே சூம் பண்ணினேன். முழுப்படம் ஒன்று, பிறகு அந்த முகம் மட்டும். பத்துத் தரம் எடுத்தோம். இரண்டு நன்றாக வந்தன.

திரும்பி வரும் படகில் ஒன்றை நினைத்தேன். நான் பத்திரமாகப் பெட்டியில் பூட்டிப் புதைத்த படங்கள் போய்விட்டன. இன்னொருவர் வீட்டுச் சுவரில் வெறுமனே தொங்கிய படம் தப்பியது. யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் நேரே ஸ்ரூடியோவுக்குப் போய், முக்கியமான படங்களை மும்மூன்று பிரதி அடித்தேன். ஒன்று எங்கள் வீட்டுக்கு, ஒன்று சின்ன மாமிக்கு, ஒன்று கனடாவில் இருக்கும் என் தங்கைக்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர், இடம், திகதியைப் பென்சிலால் எழுதினேன். ஈரம் பட்டாலும் பென்சில் எழுத்துக் கரையாது.

சகோதரிகளே, கமராவுக்காகக் கடன்படாதீர்கள். கையில் இருக்கும் தொலைபேசியால் எடுத்தாலும் அது படம்தான். வாங்குவதென்றால், தூக்கிச் செல்லப் பாரமில்லாததாக ஒன்றை வாங்குங்கள். வீட்டில் பூட்டி வைக்கும் பெரிய கமரா எந்தப் படமும் எடுக்காது. ஆனால் எதால் எடுத்தாலும், எடுத்ததை அச்சடித்து இன்னொரு வீட்டுக்கும் கொடுத்து வையுங்கள்.

எங்கள் சாமியறையில் இப்போது இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று அடையாள அட்டைப் படம். மற்றது சோடாப் போத்தலோடு சிரிக்கிற பன்னிரண்டு வயதுப் பெடியன். பூ வைக்கும்போது மாமி முதலில் பெடியனுக்குத்தான் வைக்கிறார்.