பாதிச் சொல்

ஒருவர் சொல்லத் தொடங்கிய சொல்லை மற்றொருவர் முடித்து வைப்பது நாள்தோறும் நிகழ்வதே. அதனை நெருக்கத்தின் அடையாளம் என்றும் நாம் கொள்கிறோம். நெடுந்தீவிலே பிறந்து வளர்ந்த நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைக் கணினியின் விசையொன்று மாற்றியது என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும்; கலைப்பீட மாணவனுக்கும் கட்டளைத் திரைக்கும் என்ன உறவு என்று விரிவுரையாளர்கள் வினவவும் கூடும். உறவு ஏற்பட்ட விதத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

எனது ஆய்வேடு நெடுந்தீவு முதியோரின் வாய்மொழிக் கதைகள் பற்றியது. விடுமுறைதோறும் குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் அலைப்புண்டு ஊர் சேர்வேன். முருகைக்கல் வேலிகளுக்கிடையே வீடு வீடாக நடந்து, முதியோர் சொன்னவற்றைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்தேன். அவற்றைச் சேமிக்க என்னிடம் இருந்தது மிகப் பழைய மடிக்கணினி. விஞ்ஞானபீட நண்பன் ஒருவன் அதிலே லினக்ஸை நிறுவி, கட்டளைகளைத் தட்டெழுதி வேலை வாங்கும் முறையைக் கற்றுத்தந்தான். அவன் கற்பித்தவற்றுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது ‘டாப்’ விசை.

கோப்பின் பெயரில் ஓரெழுத்து எழுதி அவ்விசையை அழுத்தினால் மிகுதியைக் கணினியே நிரப்பிவிடும். 1970களின் தொடக்கத்திலேயே டெனெக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இத்தகைய வசதி இருந்தது. கென் கிரீர் என்பார் அதனை யூனிக்ஸின் சி ஷெல்லுக்குக் கொணர்ந்தார். அவ்வழி வந்த டீசிஷெல்லின் பெயரிலுள்ள முதலெழுத்து டெனெக்ஸையே குறிக்கிறது. நான் பயன்படுத்துவது 1989இல் வெளிவந்த பாஷ் ஷெல்.

இவ்வசதியிற் பாராட்டத்தக்கது அதன் அடக்கம். ஒரு பெயரே பொருந்துமாயின் முழுவதையும் நிரப்பும். பல பொருந்துமாயின், அவை யாவற்றுக்கும் பொதுவான பகுதிவரை சென்று நின்றுவிடும். எனது கோப்புறையிலே ‘நெடுந்தீவு’ என்றொரு கோப்பும், 2017இல் சேவைக்கு வந்த படகின் பெயரால் ‘நெடுந்தாரகை’ என்றொரு கோப்பும் இருந்தன. ‘நெ’ என எழுதி விசையை அழுத்தினால் ‘நெடுந்த’ என்று வந்து நிற்கும். உயிர்க்குறியைக் கணினி தனியெழுத்தாகக் கணக்கிடுவதால், இரு பெயரிலும் இல்லாத வெறும் தகரத்தில் அது காத்திருக்கும். மீண்டும் அழுத்தினால் இரு பெயர்களையும் வரிசையாகக் காட்டும். தீவா, தாரகையா என்பதை நானே சொல்ல வேண்டும்.

எனக்கோ அக்காத்திருப்புப் பொறுக்கவில்லை. ‘இன்புட்ஆர்சி’ என்னும் அமைவுக் கோப்பில் ஒரு வரி எழுதி, டாப் விசையை ‘மெனு கம்ப்ளீட்’ என்னும் முறைக்கு மாற்றினேன். இம்முறையிலே தயக்கம் கிடையாது. பொருந்தும் பெயர்களுள் முதலாவதைக் கணினி உடனே எழுதிவிடும். மீண்டும் அழுத்தினால் இரண்டாவது, பின்னர் மூன்றாவது. வேலை விரைந்து நடந்தது.

சென்ற ஆண்டு தை மாதத்தில் என் அப்பாச்சி பாரிசவாதத்தாற் படுக்கையில் வீழ்ந்தார். நினைவு தெளிவாக இருந்தது, நாவுதான் ஒத்துழைக்கவில்லை. சொல்லின் முதலெழுத்து வரும், மிகுதி வராது. “கு... கு...” என்பார். “குடிக்கவோ அப்பாச்சி?” என்று கேட்டு, விடை வருமுன்னரே தண்ணீரைப் பருக்குவேன். “குளிருதோ?” என்று போர்வையை இழுத்து மூடுவேன். அவரும் குடிப்பார்; மூடியபடியே கிடப்பார். சொல்லை முடித்துவிட்டேன் என்ற நிறைவு எனக்கு.

பங்குனியில் ஓரிரவு, காற்றின் இரைச்சலாற் கெட்டுப்போன ‘குறிகட்டுவான்’ என்ற பதிவை அழிக்க முற்பட்டேன். அழிக்கும் கட்டளையாகிய ‘ஆர்எம்’, அடுத்துக் ‘கு’, பின் டாப் விசை, நுழைவு விசை என்று யாவற்றையும் ஒரே மூச்சில் அழுத்தினேன். கணினி நிரப்பிய பெயர் ‘குதிரை’. ‘ஆர்எம்’ கட்டளை அழித்ததைத் திரும்ப எடுக்கக் குப்பைக்கூடையும் இல்லை.

‘குதிரை’ அப்பாச்சியின் குரல். மழை பொய்த்த ஆண்டொன்றில் தீவின் குதிரைகள் தாகத்தால் வாடிப் படலைவரை வந்து நின்றதையும், தாம் பட்டையிலே தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்பியதையும் நாற்பது நிமிடம் சொல்லியிருந்தார். கைத்தொலைபேசியில் இடமில்லை என்று மூலப்பதிவை முன்னரே நீக்கியிருந்தேன். மீண்டும் சொல்ல அவரால் இயலாது.

கணினியைக் குறைகூற இடமில்லை. நான் எழுதிய வரியின்படியே அது நடந்தது. அவ்வரியை நீக்கி, ஐயம் எழுந்தவுடன் பொருந்துவன எல்லாவற்றையும் காட்டுமாறு வேறொரு வரி எழுதினேன். எழுதும்போதுதான், கட்டிலருகே நான் செய்துவந்தது எதுவென விளங்கிற்று. முதலில் என் நினைவுக்கு வந்த சொல்லையே அப்பாச்சியின் சொல்லாக்கி வந்திருக்கிறேன்.

அடுத்த விடுமுறையில் அவர் “கு” என்றபோது, கட்டிலருகே அமர்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கூறி அவர் கண்களைப் பார்த்திருந்தேன். குடிக்கவோ, குளிருதோ, குஞ்சியப்புவோ, குதிரையோ. ஒன்றுக்கும் தலை அசையவில்லை.

பாஷ் ஷெல்லில் 2000ஆம் ஆண்டிலிருந்து மற்றுமொரு வசதி உண்டு. இன்ன கட்டளைக்கு இன்ன சொற்களையே காட்டுக என்று நாமே பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். பதிவுகள் மீண்டும் தவறுதலாக அழியாதிருக்க, ‘ஆர்எம்’ கட்டளைக்கு அத்தகைய பட்டியலொன்றை எழுதியிருந்தேன். ஆனால் எழுதுபவன் விட்ட சொல்லை அது ஒருபோதும் காட்டாது. அப்பாச்சிக்கு நான் சொன்ன பட்டியலிலும் நான் விட்ட சொல்லொன்று இருந்தது. குமுதினி. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அப்படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட அதிற் சென்றோர் பலர் கொல்லப்பட்டனர். எங்கள் வீட்டில் அப்பாச்சியின் முன்னிலையில் அப்பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. சிறுவயதில் ஒருமுறை காரணம் கேட்டேன். “பேசாமல் இரு” என்றார்கள். அதுமுதல் நானும் பேசாதிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை அப்பெயரையும் சொன்னேன். அப்பாச்சி என் கையைப் பற்றிக்கொண்டார். அது ஆம் என்பதா, வேண்டாம் என்பதா என்று நான் அறியேன், கேட்கவுமில்லை. விளக்கேற்றும் நேரம்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

இப்போது ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதியோர் முடிக்காது விட்ட சொற்களை முன்பெல்லாம் நானே முடித்து எழுதியிருந்தேன். அப்பக்கங்களை மீண்டும் கேட்டுத் திருத்தி வருகிறேன். பதிவிலே ‘கு’ என்று மட்டும் கேட்டால், ‘கு’ என்று எழுதிவிட்டு மேலே செல்கிறேன்.