மிதந்து வந்த வலை யாருக்குச் சொந்தம்?



வாவியில் மிதந்து வந்த வலையை எடுத்தவர் அதை என்ன செய்ய வேண்டும்? கொஞ்ச நாளாக நமது துறையடியிலும் தேநீர்க் கடைகளிலும் இதே பேச்சுத்தான். "ஆத்துல கெடந்தது எடுத்தவனுக்கு" என்று சிலர். "தங்கூசி வலைதானே, போட்டவன் பொலிசுக்குப் பயந்து கேட்டு வரவே மாட்டான்" என்று வேறு சிலர். நாம் மௌலவி அல்ல. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரு சாதாரண ஆசிரியர். ஆனாலும் நம்மிடம் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேரின் வாப்பாமார் தோணிக்காரர்கள் என்பதால் இது வகுப்புக்குள்ளும் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறோம். பிழை இருந்தால் உலமாக்கள் திருத்தட்டும்.

கண்டெடுத்த பொருளுக்கு நமது மார்க்கத்தில் தனிச் சட்டமே இருக்கிறது. அதற்கு லுக்கத்தா என்று பெயர். கண்டெடுத்தவர் அந்தப் பொருளின் பையையும் அது கட்டப்பட்டிருக்கும் கயிற்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை ஸைத் இப்னு காலித் (ரழி) அறிவிக்கிறார்கள். வருடம் முடிந்தும் ஆள் வராவிட்டால் பாவிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு உரியவர் வந்து நின்றாலும் அவருக்குரியதைக் கொடுத்தாக வேண்டும்.

அந்தக் "கட்டியிருக்கும் கயிறு" என்ற இடத்தில் நாம் எப்போதும் நின்றுவிடுவோம். ஒரு தோணிக்காரரிடம் அவருடைய வலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மிதப்பு என்ன கலர், எந்த மூலையில் பழைய செருப்பை வெட்டிக் கட்டியிருக்கிறார், கிழிந்த இடத்தைப் பொத்திய நூல் எது, ஈயத்துக்கு எத்தனை விரற்கடை இடைவெளி, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் மீன்பிடிக் குழு 2018இல்தான் மீன்பிடி உபகரணங்களில் உரிமையாளரை அறியும் அடையாளம் இருக்க வேண்டும் என்ற வழிகாட்டல்களை ஏற்றுக்கொண்டது. நமது ஆட்கள் செருப்புத் துண்டிலேயே அதைச் செய்து வருகிறார்கள்.

வலையை எடுத்தவர் படத்தை வட்ஸ்அப்பில் அப்படியே போடக் கூடாது. போட்டால் ஊரில் பத்துப்பேருக்கு அது சொந்தமாகிவிடும். "ஒரு வலை கிடைத்தது, அடையாளம் சொல்லி எடுக்கலாம்" என்று மட்டும் போட்டால் போதும். அறிவிப்பைப் பள்ளிக்கு உள்ளே செய்யாமல் வாசலிலும் சந்தையிலும் துறையிலும் செய்வதே முறை. தொழுகிற இடத்தில் தொலைந்த பொருளைத் தேடுவதை நபியவர்கள் வெறுத்திருக்கிறார்கள்.

இனி மீன். வகுப்பு ஒன்பதில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், வலை ஆருடையோ அவருக்குக் குடுக்கலாம். மீன் தண்ணிக்க கெடந்ததுதானே? அது எடுத்தவருக்குத்தானே?"

நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் இதை யோசிக்காமலேயே மீனைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில் இதற்குத் தெளிவு இருக்கிறது: ஒருவர் விரித்த வலையில் வேட்டைப் பிராணி விழுந்துவிட்டால் அது அவருடைய உடைமை. விரித்தவர் அந்த நேரம் வீட்டில் நித்திரையாக இருந்தாலும் சரி. மீன் கெட்டுப்போகும், ஒரு வருடம் வைத்திருக்க முடியாதுதான். அதற்கும் வழி உண்டு. துறையில் விற்றுக் காசை எடுத்து வைக்கலாம், அல்லது சமைத்துவிட்டு அதன் பெறுமதியைக் கடனாக நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. வீட்டில் அன்று என்ன கறி என்று நாம் கேட்கவில்லை.

எடுத்தவரின் கடமையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். தொலைத்தவருக்கு ஒரு கடமையும் இல்லையா? மற்றப் பொருளைப் போல வலை சும்மா கிடப்பதில்லை. காற்றிலோ நீரோட்டத்திலோ அறுந்துபோன நைலோன் வலை தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டே இருக்கும். சிக்கிய மீன் செத்து நாறும், அந்த நாற்றத்துக்கு நண்டு வரும், நண்டும் மாட்டும், அதைத் தின்ன வந்த நீர்க்காகமும் மாட்டும். பருத்தி வலைக் காலத்தில் வலை சில மாதங்களில் உக்கிவிடும். நைலோன் உக்காது. ஒரு பூனையைக் கட்டி வைத்து, தீனும் போடாமல், தானாகத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை மதரஸாவில் படிக்காத பிள்ளை நம்மூரில் இல்லை. வலை அறுந்தது யாருடைய குற்றமும் இல்லை. அறுந்த பிறகு துறையில் ஒரு வார்த்தை சொல்லாமல் புது வலை வாங்கிப் போவதை அப்படிச் சொல்லிவிட முடியாது.

சொல்லாததற்குக் காரணமும் ஊருக்குத் தெரியும். தங்கூசி வலை 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி தடை. "என்னுடைய வலை காணவில்லை" என்று சொன்னால் "நான் தங்கூசி போட்டேன்" என்று சொன்ன மாதிரி. அப்படியென்றால் கிடைத்த தங்கூசி வலையை உரியவருக்குக் கொடுப்பதா, எரிப்பதா?

இதில் நமது அபிப்பிராயம் ஒன்று இருக்கிறது. கூடாத கருவிகள் விடயத்தில் அதே மின்ஹாஜில் ஒரு முறை சொல்லப்படுகிறது: நொறுக்கித் தள்ளாமல், பாகம் பாகமாகப் பிரித்து, சேர்ப்பதற்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுவருவது. அங்கே பேசப்படுவது இசைக்கருவி போன்றவை. வலைக்கு அதைப் பொருத்துவது நமது சொந்த யோசனை. மிதப்பு, ஈயம், மேற்கயிறு, அடிக்கயிறு எல்லாம் அந்த ஏழையின் காசு. அவற்றைக் கழற்றி அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். தங்கூசியை வெட்டிவிட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். ஏசுவார், ஏசட்டும். அப்படியே கையில் கொடுத்தால் நாளை இரவு அது திரும்பவும் வாவியில்தான். ஆளுக்குத் தெரியாமல் எரித்தால் அவர் பொருளை நாம் அழித்ததாகிவிடும்.

வயல் பக்கம் வந்தால் கதை வேறு. பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு இவற்றைக் கண்டெடுத்தவரும் "அமானிதம்" என்று தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். இல்லை. கம்பிக்கு ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை நினைவிருக்கும். உயிரோடு மீட்டும் சில நாட்களில் செத்துப்போனது. கட்டுத்துவக்கோ விறகுக்கும் மாட்டுக்கும் போகிற மனிதனின் காலில் வெடிக்கிறது. பன்றி நெல்லை அழிக்கிற வேதனை நமக்கும் தெரியும். அரை ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறவர் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழப்பதைப் பார்த்திருக்கிறோம். அதற்காகத் துவக்கைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்க முடியுமா?

சுருக்கில் மானோ மரையோ மாட்டிச் செத்துக் கிடந்து, அந்த இறைச்சி மலிவாக வந்ததென்று வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: கழுத்து நெரிபட்டுச் செத்தது ஹராம் என்பது ஸூரா அல்மாயிதாவின் மூன்றாவது வசனத்தில் இருக்கிறது. வனஜீவராசிகள் சட்டம் அதற்குப் பிறகுதான்.

பெரும்போகத்துக்கு வட்டைக்குப் போகிற வாலிபர்களே, பற்றைக்குள் கம்பியோ துவக்கோ கண்டால், கட்டுத்துவக்கு என்றால் தொடவே வேண்டாம். இழுகயிறு எங்கே ஓடுகிறதென்று புல்லுக்குள் தெரியாது. வந்த தடத்திலேயே திரும்பி வந்து 119க்குச் சொல்லுங்கள். பக்கத்து வாடிக்காரருக்கும் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் வருவார்கள்.