ஆறு திருகாணிகள்

கடல் நீருக்கு விடுமுறை கிடையாது. ஓடுகிற படகைவிடச் சும்மா நிற்கிற படகைத்தான் அது அதிகம் தின்கிறது. வெண்கலமும் எஃகும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் இடையில் மெல்லிய மின்னோட்டம் உண்டாகி, இரண்டில் ஒன்று அரிக்கத் தொடங்கும். அதனால்தான் படகின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறார்கள். மற்ற உலோகங்களுக்குப் பதிலாக அது கரையும். கரைந்து தீர்வதற்குள் மாற்றிவிட வேண்டும். அடிப்பாகத்தில் கொட்டலசு ஒட்டும், வெயிலில் பாயின் தையல் இற்றுப்போகும், கயிறு நைந்துவிடும். சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் பாயைப் பிடிக்கும் நேரத்தைவிட ஸ்பானரைப் பிடிக்கும் நேரமே அதிகம்.

பனாஜிக்கு எதிரே, மாண்டோவி ஆற்றின் வடகரையில் உள்ள பெட்டிமில் 26 அடி நீளப் படகு ஒன்றை நிறுத்தியிருக்கும் கோவா தம்பதிக்கு இந்தக் கணக்கு 19 ஆண்டுகளாகப் பழக்கம். கணவர் சரக்குக் கப்பல்களில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 66. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த மனைவிக்கு 62. படகு வாங்கிய நாளிலேயே பாகப் பிரிவினை முடிந்துவிட்டது. எஞ்சினும் பாயும் கணவருக்கு, வரைபடமும் சமையலும் மனைவிக்கு.

ஒன்றரை ஆண்டுக்கு முன் அந்தப் பிரிவினை செல்லாமல் போனது. கணவரின் வலது கை நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் நோயே காரணம் என்றார் டாக்டர். படகை விற்றுவிடுங்கள் என்று வெளிநாட்டில் இருக்கும் மகன் வாரம் தவறாமல் சொல்கிறார். மும்பைக்காரர் ஒருவர் விலையும் பேசிவிட்டார். நவம்பர் முடிவதற்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். மழைக்காலம் கழிந்து ஒரு முறை கடலுக்குப் போய்வந்த பிறகு முடிவெடுப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு முறைதான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

கோவாவில் சிறு படகுகளுக்கு ஆண்டு என்பது எட்டு மாதம்தான். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று கிளப்பும் அலைகள் மாண்டோவி முகத்துவாரத்தில் உள்ள மணல்திட்டின் மேல் உடையும். இரும்புத் தாது ஏற்றும் பெரிய பார்ஜுகளே அந்த மாதங்களில் அந்த வழியைத் தவிர்த்து, கும்பார்ஜுவா கால்வாய் வழியாக ஜுவாரி ஆற்றுக்குப் போய்விடும். பாய்மரப் படகுகள் கரையேறி, தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும். அக்டோபரில் மறுபடி தண்ணீர். அதன் பிறகுதான் நான்கு மாதத் தூக்கத்தின் விலை தெரியவரும்.

இம்முறை விலை கேட்டது கையகல ரப்பர்ச் சக்கரம் ஒன்று. டீசல் எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் நீரை உறிஞ்சும் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் அது. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அதன் இறகுகள் விறைத்துப்போய், எஞ்சினைக் கிளப்பியதும் முறியும். காலை ஏழு மணிக்கு எஞ்சினைக் கிளப்பினார்கள். புகைக்குழாய் வழியே வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. சத்தத்தை வைத்தே கணவர் சொல்லிவிட்டார்: "இம்பெல்லர் போய்விட்டது."

கண்டுபிடித்தவர் அவர். கழற்றியவர் மனைவி. முதலில் கடல் நீர் உள்ளே வரும் வால்வை மூடினார். பம்பின் மூடியில் ஆறு பித்தளைத் திருகாணிகள். ஒவ்வொன்றையும் எடுத்து டீ கிளாஸுக்குள் போட்டார். ஐந்தாவது நழுவி, படகின் அடிக்குழியில் எண்ணெய் கலந்த நீருக்குள் விழுந்தது. கணவர் பழக்கத்தில் காந்தக் குச்சியை நீட்டினார். பித்தளை காந்தத்துக்கு வராது என்பது அவருக்குத் தெரியாததல்ல. நீட்டிய பிறகு அவரே சிரித்துவிட்டார். மனைவி முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுத்தார்.

ஆறு இறகுகளில் இரண்டு இல்லை. புதியதை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நடுக்கடலில் மாட்டிக்கொள்கிறார்கள். உடைந்த துண்டு குழாயில் பயணம் செய்து குறுகலான இடத்தில் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் மறுபடி கொதிக்கும். ஒரு துண்டு பம்புக்குள்ளேயே கிடைத்தது. மற்றதற்காகக் குழாயைக் கழற்ற வேண்டியிருந்தது. அதன் கிளிப் துருப்பிடித்து இறுகியிருந்தது. "இடது பக்கம் திருப்பு, மெதுவாக" என்று ஆரம்பித்த கணவர், பதினைந்து நிமிடத்தில் "கொடு இங்கே" என்று ஸ்பானரைப் பிடுங்கினார். இரண்டு முறை முயன்றார். விரல்கள் கேட்கவில்லை. ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது துண்டு பதினோரு மணிக்குக் கிடைத்தது. மனைவி இரண்டையும் பழைய சக்கரத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. கைவசம் இருந்த ஒரே உபரி இம்பெல்லர் பம்புக்குள் போனது.

ஒரு மணிக்கு வற்றும் நீரோடு புறப்பட்டார்கள். இடப்புறம் பனாஜியின் மிதக்கும் சூதாட்ட விடுதிகள், வலப்புறம் ரெய்ஸ் மாகோஸ் கோட்டை. ஆறேழு கிலோமீட்டரில் அகுவாடா முனை. போர்த்துகீசியர்கள் 1612-ல் கட்டி முடித்த கோட்டை அங்கே இருக்கிறது. கப்பல்கள் குடிநீர் நிரப்பிக்கொண்ட இடம் என்பதால் நீரைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. முனையைத் தாண்டியதும் வடமேற்கிலிருந்து மதியக் காற்று வந்து சேர்ந்தது. எஞ்சினை நிறுத்திப் பாயை விரித்தார்கள்.

சுக்கான் கணவர் கையில் இருந்தது. சும்மா இருக்கும்போது கை அதிகம் நடுங்குவதும், ஒரு வேலையைப் பற்றிக்கொண்டால் நடுக்கம் குறைவதும் இந்த நோயில் பலருக்கு உண்டு. சுக்கான் பிடியில் அந்தக் கை ஏறக்குறைய பழைய கையாக இருந்தது. ஆனால் சமநிலை பழைய சமநிலை அல்ல. முன்தளத்துக்குப் போவது இனி மனைவியின் வேலை.

இருவர் மட்டும் செல்லும் படகில் எல்லா பயங்களும் ஒரே இடத்தில்தான் முடியும். ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். மகன் கேட்பதும் அதைத்தான்: "அப்பா விழுந்தால் அம்மா என்ன செய்வாள்?" நியாயமான கேள்வி. அதற்கு விடை பார்க்கத்தான் கண்டோலிம் கரைக்கு எதிரே வந்தார்கள். 2000-ம் ஆண்டு ஜூனில் ரிவர் பிரின்சஸ் என்ற தாதுக் கப்பல் தரைதட்டி, பத்தாண்டுக்கு மேல் கிடந்த கரை அது.

பாதி நீர் நிரப்பிய கேனை ஒரு பழைய லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக் கணவர் கடலில் எறிந்தார். பிறகு கைகட்டி உட்கார வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. முதல் முறை மனைவி வேகமாக வந்து அதைத் தாண்டிப் போனார். இரண்டாம் முறை பாயைச் சீக்கிரமே தளர்த்திவிட்டதால் படகு எட்டாத தூரத்தில் நின்றது. மூன்றாம் முறை காற்றின் முகத்துக்குப் படகைத் திருப்பி, கேனுக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் கொக்கியால் இழுத்தார். நான்கு நிமிடம். கேனைத் தூக்குவதும் ஆளைத் தூக்குவதும் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு கப்பிக் கயிறு இருக்கிறது. அக்டோபரில் ஆற்றிலேயே கணவர் இறங்க, மனைவி அவரைப் பத்து நிமிடத்தில் மேலே ஏற்றியிருந்தார். கடல் ஆறல்ல. அதுவும் தெரியும்.

இருவராகப் படகு செலுத்துவதைப் பற்றி மனைவியை யோசிக்க வைத்தது வேறொரு படகு. மாண்டோவியின் திவார் தீவில் கட்டப்பட்ட கடற்படையின் தாரிணி 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து கிளம்பியது. அதில் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா என்று இருவர் மட்டுமே. நான்கு துறைமுகங்களில் நின்று உலகைச் சுற்றி, 2025 மே 29-ல் திரும்பினார்கள். எட்டு மாதமும் அந்தச் செய்திகளை மனைவி விடாமல் படித்தார். "அவர்களுக்கு வயது குறைவு, நோயில்லை, பயிற்சி அதிகம்" என்பது கணவரின் வாதம். "அவர்களிலும் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனியாகத்தானே இருந்திருப்பார்?" என்பது மனைவியின் பதில்.

திரும்பும்போது காற்று பின்னால் இருந்தது, நீரும் ஏறத் தொடங்கியிருந்தது. மீனவர்களின் வலைகளைக் காட்டும் தெர்மோகோல் மிதவைகளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்குப் பெட்டிம். கணவர் பயணப் பதிவேட்டை எடுத்து எழுதினார். 19 ஆண்டுப் பதிவேடு அது. முன்பக்கங்களில் இருந்த பெரிய எழுத்து, கடைசிப் பக்கங்களில் எறும்பு வரிசையாகச் சிறுத்திருக்கிறது. அதுவும் நோயின் அடையாளமே. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். காற்று, தூரம், எஞ்சின் ஓடிய நேரம். கடைசி வரியில், "ஆளை மீட்டல்: மூன்று முயற்சி. ஒரு வெற்றி."

"மும்பைக்காரருக்கு என்ன சொல்வது?" என்று கேட்டார் கணவர்.

மனைவி உடனே பதில் சொல்லவில்லை. மூன்றுக்கு ஒன்று என்பது போதாது என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? மகனிடம் இதை மறைக்கவும் முடியாது. அடுத்த ஞாயிறும் கேனை எறிந்து பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த ஞாயிறும்.

திங்கட்கிழமை காலை உதிரிபாகக் கடைக்கு அவர்தான் போன் செய்தார். பழைய இம்பெல்லரின் எண்ணைப் படித்துச் சொன்னார். எத்தனை வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார்.

"இரண்டு" என்றார்.